கதவில்லாத ஃபியூஸ் பெட்டி

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, அம்மிணி. என்னை ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். வோல்ட், ஆம்பியர், வாட்ஸ் என்று மூன்று இருக்கிறது. நான்காவதாக ஓம் என்று ஒன்று. ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் இன்னொன்றைச் சொல்லி, ஒரு எண் முன்னே பின்னே ஆகிவிட்டால், நீங்கள் என்னைப் பற்றி வேறு மாதிரி நினைத்துக்கொண்டு போய்விடுவீர்கள்.

நீங்கள் கேட்டிருக்கவே வேண்டாம். இந்த ஆறு மாதத்தில் நான்கு குடும்பம் மாடியைப் பார்த்துவிட்டுப் போனது. எல்லாரும் தண்ணீர் வருமா, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். நீங்கள் ஒருத்திதான் நின்று, இந்த ஃபியூஸ் பெட்டிக்கு ஏனுங்க கதவில்லை என்றீர்கள். உட்காருங்கள். உங்கள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் மேலே டேங்கைப் பார்த்துவிட்டு இறங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன். இவர் முன்னால் சொல்ல முடியாது.

மாடியில் இதற்கு முன் இருந்தது வெளியாள் இல்லை. என் கொழுந்தனார் மகுடேசனும் அவர் பெண்டாட்டி கோகிலவாணியும். எனக்கு ஓரகத்தி. கரண்ட் சம்பந்தமான டிப்ளமோ படித்தவள். டிரான்ஸ்பார்மர் செய்கிற கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. காலையில் எட்டு மணிக்குக் கம்பெனி வேன் நம் வாசலில் வந்து நிற்கும். ஒரு பெண்பிள்ளைக்காக வேன் வந்து நிற்கிறது என்று தெருவே பார்க்கும். பார்க்கட்டும், எனக்கென்ன. ஆனால் அந்த டிரைவர் இரண்டு தடவை ஹார்ன் அடிப்பான். ஒரு தடவை அடித்தால் போதாதா? மாடியில்தானே இருக்கிறாள், காது கேட்காதா?

நான் அவளை ஒன்றும் சொன்னதில்லை. கேட்டுப் பாருங்கள் யாரையாவது.

என் மாமியாருக்கு முழங்கால் வலி. நான் இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். அன்றிலிருந்து தினமும் காலையில் பின்புறம் அடுப்பு மூட்டி, வெந்நீர் வைத்து, நானேதான் அவருக்கு முதுகு தேய்த்துத் தண்ணீர் வார்த்துவிடுவேன். எவ்வளவு சூடு வேண்டும் என்று என் புறங்கைக்குத் தெரியும். கடைசிச் சொம்பு ஊற்றும்போது, "போதும் சாமி, வலியெல்லாம் எறங்கிப் போச்சு" என்பார். தினமும் அதே வார்த்தைதான். கூடுதலாக ஒன்றும் சொல்ல மாட்டார். நானும் கூடுதலாக எதிர்பார்த்ததில்லை.

கோகிலா வந்த மூன்றாம் மாதம் மாடிக் குளியலறையில் ஒரு ஹீட்டர் மாட்டினாள். இரண்டாயிரம் வாட்ஸ். சுவரில் நான்கு ஓட்டை பார்த்தீர்களே, அதுதான் அது இருந்த இடம். மறுநாள் காலையில் நான் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன், மேலேயிருந்து மாமியார் குரல் கேட்கிறது. "அடேயப்பா, கொழாயத் திருப்புனா கொதிக்குது!" முழங்கால் வலிக்காரர், பதினாறு படி ஏறிப் போயிருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கு மூன்று படி ஏற என் தோளைப் பிடித்துக்கொள்கிறவர்.

என் தண்ணீர் அடுப்பில் கொதித்துக் கொதித்துப் பாதியாகிவிட்டது. அதை என்ன செய்வது? செடிக்குக் கூட ஊற்ற முடியாது.

சரி, நானும் ஒன்று வாங்கலாம் என்று நினைத்தேன். பொருட்காட்சிக்குப் போனபோது, தண்ணீர் சூடாக்குகிற ராடு ஒன்று வாங்கிவந்தேன். ஆயிரத்து ஐந்நூறு வாட்ஸ் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். பக்கெட்டில் போட்டு, மாமியாரை நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். தண்ணீர் சூடாகவே இல்லை. அரை மணி நேரம் ஆகியும் வெதுவெதுப்புதான்.

கோகிலா கீழே வந்தாள். "இருங்கக்கா, பாத்தர்லாம்" என்று அவளுடைய மீட்டரை எடுத்துவந்தாள். நண்டுக் கொடுக்கு மாதிரி வாயைத் திறந்து ஒற்றைக் கம்பியைக் கவ்வும், அந்த மாதிரி மீட்டர்.

"வோல்ட் இருநூத்தி முப்பது வருது. இது இழுக்கறது நாலு ஆம்பியர். பெருக்குனா தொள்ளாயிரத்து இருவது வாட்ஸ். ஆயிரத்தி ஐநூறுன்னு போட்டா ஆறரை இழுக்கோணுங்க்கா."

"சுடுதண்ணி வெக்கறதுக்கு எதுக்கு இத்தனை கணக்கு?" என்றேன்.

"வகுத்தும் பாக்கலாங்க்கா. இருநூத்தி முப்பத நாலால வகுத்தா ஐம்பத்தேழரை ஓம். அதான் இதோட தடை. முப்பத்தஞ்சு இருந்தாத்தான் நெசமான ஆயிரத்தி ஐநூறு. தடை அதிகமானா கரண்ட் கம்மியாத்தான் போகும். ஏமாத்திட்டானுங்க."

கொழுந்தனார் சிரித்தார். "அண்ணி வாங்குனா ராடு கூட பாதி வேலைதான் செய்யும் போல." என் வீட்டுக்காரர் சென்னியப்பனும் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, "நான் மேலயே போயர்றேன்" என்றார். அதற்குச் சிரித்திருந்தாலே தேவலை.

கணக்கு என்னவோ எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. வோல்ட் என்பது கம்பத்திலிருந்து வருவது, எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான், பெரும்பாலும் மாறாது. ஆம்பியர் என்பது அந்தந்தச் சாமான் எவ்வளவு இழுக்கிறது என்பது. இரண்டையும் பெருக்கினால் வாட்ஸ். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். இதற்குப் போய் மூன்று வருடம் படித்தாளாம். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த ஆறு வருடமும் வகுத்தலில் முதல் ஆள், தெரியுமா? அதை இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அதற்கப்புறம்தான் மூவாயிரம் வாட்ஸ் ஹீட்டர் வாங்கினேன். நல்ல கடையில், பில் போட்டு. கீழ்க் குளியலறையில் மாட்டியாகிவிட்டது. அவளுடையது இரண்டாயிரம், என்னுடையது மூவாயிரம். போட்டிக்காக வாங்கவில்லை. கடையில் அதுதான் இருந்தது. இரண்டாயிரமும் இருந்தது, ஆனால் நிறம் பிடிக்கவில்லை.

மாட்டிய அன்றே கோகிலா வந்து நின்றாள். "அக்கா, மூவாயிரத்த இருநூத்தி முப்பதால வகுத்தா பதிமூணு ஆம்பியர். மேல என்னோடது எட்டே முக்கால். ரெண்டும் சேந்தா இருபத்தி ரெண்டு கிட்ட வருது. நம்ம ஃபியூஸ் கம்பி பதினஞ்சுதான். சுவத்துக்குள்ள மாமா காலத்து அலுமினியக் கம்பி. ரெண்டயும் ஒண்ணாப் போட வேண்டாங்க்கா. நீங்க ஆறரைக்குள்ள போட்டு முடிச்சுக்குங்க, நான் ஏழுக்கு மேல போட்டுக்கறேன்."

பாருங்கள். என் வீட்டில் நான் எப்போது தண்ணீர் சூடாக்க வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுக்கிறாள். ஆறரைக்குள் என் மாமியார் எழுந்திருக்கவே மாட்டார். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாள் என்று நினைத்தேன்.

நான் ஏழேகாலுக்குத்தான் போட்டேன். ஃபியூஸ் போனது. மறுநாளும் போனது. ஒவ்வொரு தடவையும் அவள் ஈரத் தலையோடு இறங்கி வருவாள். மெயின் சுவிட்சை இறக்குவாள். ஃபியூஸ் கம்பி மாட்டியிருக்கிற பீங்கான் கட்டையை உருவுவாள். ஒற்றை இழைக் கம்பியைச் சுற்றித் திருகிப் போடுவாள். எதிர்வீட்டு ராசாமணி தன் வாசலிலிருந்து, "பொட்டப்புள்ள ஃபியூஸ் போடறதப் பாரு, எத்தன தெகிரியம்!" என்பாள். எனக்குத் தைரியம் இல்லை என்று அதற்கு அர்த்தமா என்று கேட்டேன். "உன்னய ஆரு சொன்னா?" என்றாள். அதைத்தான் நானும் கேட்கிறேன்.

ஒருநாள் கோகிலாவிடமே கேட்டேன். "ஏன் கோகிலா, அறுந்து அறுந்து போகுதே, நல்ல கம்பியாப் போடக் கூடாதா?"

"இது அறுந்து போறதுக்குத்தானுங்க்கா இருக்குது. இது அறுந்தாத்தான் செவுத்துக்குள்ள இருக்கறது தப்பிக்கும்."

படித்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். தன் வேலை ஒவ்வொரு நாளும் வேண்டியிருக்க வேண்டும், ஒவ்வொரு நாளும் ராசாமணி பார்க்க வேண்டும். அப்படித்தான் எனக்குப் பட்டது.

ஒரு புதன்கிழமை, ஹீட்டரோடு மோட்டாரும் ஓடி ஃபியூஸ் போனபோது அவள் கம்பெனிக்குப் போயிருந்தாள். மாமியார் தூக்கத்தில். நான் மெயினை இறக்கிவிட்டேன். அதெல்லாம் பார்த்து வைத்திருந்தேன், நான் ஒன்றும் மடச்சி இல்லை. கட்டையை உருவினேன். கம்பிச்சுருள் பெட்டிக்குள்ளேயே இருக்கும். துணி தைக்கும்போது நூல் அறுந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இரட்டையாகக் கோர்ப்பீர்கள். அந்த அறிவுதான் எனக்கும். இரட்டை போட்டால் அதுவும் அறுந்துவிட்டால்? நாலு இழையாக முறுக்கிப் போட்டேன். அழகாக இருந்தது, பின்னல் மாதிரி. மெயினை ஏற்றினேன். விசிறி சுற்றியது.

அன்றிலிருந்து ஃபியூஸ் போகவில்லை, அம்மிணி. இருபத்தாறு நாள். ஏழேகாலுக்கு நான் போடுவேன், மேலே அவளும் போடுவாள், ஒன்றும் ஆகாது. "உங்க ஹீட்டர நேரம் மாத்திப் போடறீங்களாக்கா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றேன். வேறென்ன சொல்வது? என் மூவாயிரம் சீக்கிரம் சூடாக்கிவிடும். மாமியார் படி ஏறுவதை விட்டுவிட்டார். "துளசிமணி, தண்ணி வாத்துடு சாமி" என்று கீழேயே உட்கார்ந்தார். இருபத்தாறு நாளும் அந்த முதுகு என்னுடையதாக இருந்தது.

இருபத்தேழாவது நாள் திங்கட்கிழமை. ஞாயிறு முழுக்கக் கரண்ட் நிறுத்தியிருந்தார்கள், டேங்க் காலி. காலையில் கரண்ட் வந்ததும் எல்லாரும் எல்லாவற்றையும் போட்டோம். மோட்டார் ஓடுகிறது. இவர் சட்டை தேய்க்கிறார். மேலே அவள் ஹீட்டர், கீழே என் ஹீட்டர். குளியலறையில் மாமியாருக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருக்கிறேன். ரப்பர் எரிகிற நாற்றம். சாக்கடையில் யாரோ எதையோ போட்டு எரிக்கிறார்கள் என்று நினைத்து இன்னொரு சொம்பு ஊற்றினேன்.

அதற்குள் மாமியார் அறையிலிருந்து புகை. சுவிட்ச் போர்டு உருகி, பக்கத்தில் தொங்கிய கொசுவலை பற்றிக்கொண்டது. சுவருக்குள்ளிருந்தே புகை வந்தது, அம்மிணி, சுவர் மூச்சு விடுகிற மாதிரி. மாமியார் ஈரத்தோடு எழுந்து ஓடினார், வழுக்கினார், மணிக்கட்டு முறிந்துவிட்டது. நான் அங்கேயே சொம்போடு நின்றேன். மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்து மெயினை இறக்கியது கோகிலாதான். கொசுவலையைக் காலால் மிதித்து அணைத்ததும் அவள்தான். அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

பிறகு அவள் ஃபியூஸ் கட்டையை உருவினாள். நாலு இழையும் அப்படியே, கருகாமல், பின்னல் மாதிரி இருந்தது.

கொழுந்தனார் அம்மாவைத் தூக்கிப் பிடித்தபடி கோகிலாவைப் பார்த்துக் கத்தினார். "ஃபியூஸ்ல கை வெக்கறது நீ ஒருத்திதானடி! என்னத்தப் போட்டுத் தொலைச்சே?"

மாமியார் வலியில் அழுதுகொண்டே, "அந்த மேல் ஹீட்டரு வந்த நாள்ல இருந்தே எனக்கு மனசு சரியில்ல" என்றார். பதினாறு படி ஏறினவர்!

கோகிலா கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இதுல கடைசியா யாரு கை வெச்சது?" என்றாள்.

எல்லாரையும் பார்த்துத்தான் கேட்டாள். என்னைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருக்கமாட்டேன். இன்றுவரை யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை.

அவள் ஒரு மாதத்துக்குள் கம்பெனிக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். ஹீட்டரைக் கழற்றிக்கொண்டாள். அந்தக் கட்டையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. வயரிங் மாற்ற வந்தவர், பழைய கட்டை எங்கே என்று கேட்டார். இவர் "எங்கயோ வீசிட்டாங்க" என்றார். அது எந்த அலமாரியில், எந்தத் துணிக்கடியில் இருக்கிறதோ. வாரம் ஒருநாள் அவள் மாமியாருக்குப் போன் செய்வாள். போனை நான்தான் காதில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், மணிக்கட்டு இன்னும் சரியாகவில்லை. அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று நானும் காதைக் கிட்டே வைத்துக் கேட்பேன். "சாப்பிட்டீங்களா அத்தை, அக்கா நல்லாருக்காங்களா" என்பாள். அவ்வளவுதான். அதுவே போதும் எனக்கு.

இப்போது கதவுக்கு வருகிறேன்.

அவள் போன பிறகு ஒருநாள் பெட்டியைத் துடைக்கத் திறந்தேன். கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது. அவள் கையெழுத்துதான், மளிகைச் சீட்டில் பார்த்திருக்கிறேன்.

மேலே ஐந்து எண். 3000, 2000, 1000, 750, 150. எது எது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் ஹீட்டர், அவள் ஹீட்டர், தேய்ப்புப் பெட்டி, மோட்டார், ஃபிரிட்ஜ். கீழே கூட்டி 6900. அதை 230-ஆல் வகுத்து 30. அதற்கு நேராக, 'கம்பி 15'. அதற்கும் கீழே, '15 × 4 = 60'. அவ்வளவுதான். என் பெயர் இல்லை. திட்டு இல்லை.

நான் ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்து அந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்தேன். தப்பாக இருந்துவிடாதா என்று. முப்பதுதான் வந்தது, மீதியே இல்லாமல். முப்பது இழுத்தால், பதினைந்துக் கம்பி ஒற்றையாக இருந்தால் அறுந்திருக்கும். மோட்டார் நின்றிருக்கும், ஹீட்டர் நின்றிருக்கும், ராசாமணி எட்டிப் பார்த்திருப்பாள், வேறொன்றும் நடந்திருக்காது. நாலு இழை அறுவதற்கு அறுபது வேண்டும். அதுவரை அது அசையாது. அலுமினியக் கம்பிதான் எரியும்.

எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள். வாயால் சொல்லியிருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், நான் வகுத்தல் போடத் தெரிந்தவள் என்று தெரிந்து. இந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கிறது.

இவர் அந்தப் பெட்டியைத் திறந்தால்? வீடு பார்க்க வருகிற யாராவது படித்தவர்கள் திறந்தால்? ரப்பரால் அழித்தேன், பலகையில் பள்ளம் விழுந்திருந்தது, சாய்த்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்தது. பெயிண்ட் அடித்தால், திடீரென்று ஏன் என்று இவர் கேட்பார். ஒரு காலையில் இவர் வேலைக்குப் போனதும், கீலின் நான்கு திருகாணியையும் கழற்றினேன். அரிவாளால் இரண்டாகப் பிளந்தேன். பின்புற அடுப்பில் வைத்து மாமியாருக்கு வெந்நீர் போட்டேன். காய்ந்த பலகை, நன்றாக எரிந்தது. இவரிடம், கறையான் அரித்துவிட்டது என்றேன்.

அன்றைக்கு முதுகு தேய்த்துக் கடைசிச் சொம்பை ஊற்றினேன். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு, "நல்ல சூடு சாமி" என்றார். பிறகு, "கோகிலா கொழாய்த் தண்ணியாட்டவே இருக்குது" என்றார்.

நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

செருப்புச் சத்தம் கேட்கிறது, இறங்குகிறார்கள். அதனால்தான் கதவில்லை, வேறொன்றுமில்லை. மழைச்சாரல் அங்கே படாது, பயப்படாதீர்கள். என் மூவாயிரத்தைக் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். உங்களிடம் ஹீட்டர் இருந்தால் எத்தனை வாட்ஸ் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், நான் வகுத்துப் பார்த்துச் சொல்கிறேன். புதுக் கட்டையில் ஒற்றை இழைதான் போட்டிருக்கிறேன், என் கையாலேயே. தினமும் இவர் போனதும் மெயினை இறக்கி, கட்டையை உருவி, எத்தனை இழை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுகிறேன். ஒன்றுதான் இருக்கிறது. ஆனாலும் இரண்டு தடவை எண்ணிவிடுகிறேன்.